அடித்து எழுதிய ஒரு சான்றிதழ்

அடுத்த வீட்டுக்காரரின் பேத்திக்கு மின்சாரத்தில் வேலை கிடைத்திருக்கிறது. இளநிலைப் பொறியாளர். ஒரு டப்பா பால்கோவாவும் நியமன உத்தரவின் நகலும் எடுத்துக்கொண்டு வந்தாள். ஓய்வு பெற்ற குமாஸ்தாவிடம் உத்தரவைக் கொண்டுவந்து காட்டுவது எங்கள் தெருவில் ஒரு பழக்கம். எந்த நிபந்தனை பின்னால் கடிக்கும், எதற்கு இன்றைக்கே நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்வேன். டாக்டர் வீட்டுப் பக்கத்தில் குடியிருப்பவன் நாடி பிடித்துக் காட்டுவது மாதிரி.

படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றியதும் கேட்டாள்: “தாத்தா, நீங்க சர்வீஸ்ல இருந்தப்போ லேடி இன்ஜினியர் எத்தனை பேர் இருந்தாங்க?”

“சரியா ஞாபகம் இல்லைம்மா” என்றேன்.

அது பொய். ஒருவரை நன்றாகவே நினைவிருக்கிறது. அவர் விஷயம் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை ஆரம்பித்தேன். ஆனால் அதற்கு முன்னால் இன்னொரு பெண்மணியைப் பற்றிச் சொன்னால்தான் நான் செய்தது என்ன என்பது உங்களுக்குப் புரியும். பேத்திக்கும் அன்று அந்த அம்மையாரின் கதையைத்தான் சொன்னேன். கிண்டியில் பொறியியல் படித்தவள் அவள். அப்படியும் பெயர் தெரியவில்லை.

அவர் பெயர் அய்யலசோமயாஜுல லலிதா. 1919 ஆகஸ்ட் 27 அன்று சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா பப்பு சுப்பா ராவ், கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். வீட்டில் ஏழு பிள்ளைகள். பையன்களைப் பொறியாளர்களாக்கினார், பெண்களுக்கு அந்தக் காலத்து அளவுக்குப் படிப்பு, பிறகு கல்யாணம். பேராசிரியர் வீடு என்பதற்காக ஊர் வழக்கம் வாசலில் நின்றுவிடவில்லை. லலிதாவுக்கு 1934-இல், 15 வயதில் திருமணம். 1937-இல் கணவர் இறந்துபோனார். லலிதாவுக்கு அப்போது 18 வயது; கையில் நான்கு மாதப் பெண் குழந்தை.

என் வயதுக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. அந்தச் சமூகத்தில், அந்தக் காலத்தில், 18 வயதில் தாலி அறுத்த பெண்ணுக்கு என்ன காத்திருந்தது என்று தெரியும். என் பாட்டி வீட்டுத் தெருவிலேயே, வெள்ளைப் புடவையில், பின்கட்டை விட்டு வெளியே வராத ஒரு அத்தைப்பாட்டி இருந்தார். அவர் முகத்தை நான் முழுசாகப் பார்த்ததாக நினைவில்லை.

லலிதா அப்படி உட்காரவில்லை. இராணி மேரி கல்லூரியில் இண்டர்மீடியட் சேர்ந்து முதல் வகுப்பில் தேறினார். அடுத்து என்ன? பெண் என்றால் டாக்டருக்குப் படிக்கலாம், அது அன்றைக்கே ஒப்புக்கொள்ளப்பட்ட வழி. ஆனால் டாக்டரை நடுராத்திரியில் எழுப்பிக் கூப்பிடுவார்கள். கைக்குழந்தைக்காரிக்கு அது சரிவராது என்று அவரே யோசித்திருக்கிறார். காலையில் போய் மாலையில் திரும்பும் வேலை வேண்டும். அப்பா, அண்ணன்மார் செய்யும் வேலை கண்ணெதிரே இருந்தது. பொறியியலைத் தேர்ந்தெடுத்ததற்கு இது ஒரு காரணம். புரட்சி, முன்னோடி என்றெல்லாம் இப்போது எழுதுகிறார்கள். எனக்கென்னவோ, குழந்தை தூங்கும் நேரத்தில் வீட்டில் இருக்க வேண்டும் என்ற அந்தக் கணக்குத்தான் பெரிதாகப் படுகிறது.

கிண்டியில் அதுவரை பெண் யாரும் படித்ததில்லை. இங்கே அந்தத் தகப்பனாரைப் பாராட்டத்தான் வேண்டும். மகளைப் பதினைந்தில் கட்டிக்கொடுத்த அதே மனிதர், கல்லூரி முதல்வர் கே. சி. சாக்கோவிடம் போய்ப் பேசினார். சாக்கோ சம்மதித்தார். மேலே பொதுக் கல்வி இயக்குநராக இருந்த ஆர். எம். ஸ்டாதம் என்ற வெள்ளைக்காரர் அனுமதி கொடுத்தார். 1940-இல் லலிதா மின்பொறியியலில் சேர்ந்தார். பேசிய ஒருவர், சம்மதித்த ஒருவர், கையெழுத்துப் போட்ட ஒருவர். மூன்று பேர் மனது வைத்தால் போதுமாக இருந்திருக்கிறது! அத்தனை வருடமாக அந்த மூன்று பேரிடமும் யாரும் கேட்டிருக்கவில்லை, அவ்வளவுதான்.

நூற்றுக்கணக்கான ஆண்களுக்கு நடுவே ஒரே பெண். மாணவர்கள் தொல்லை எதுவும் கொடுக்கவில்லை என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார். விடுதியில் தனியாக இருப்பதுதான் பாரமாக இருந்தது. குழந்தை அண்ணன் வீட்டில். வார இறுதியில் போய்ப் பார்த்து வருவார். துணைக்கு இன்னும் பெண்கள் வந்தால் நன்றாயிருக்குமே என்று, பெண்களும் சேரலாம் என விளம்பரம் செய்ய ஏற்பாடு நடந்தது. லீலம்மா ஜார்ஜ், பி. கே. திரேசியா என்ற இரண்டு மலையாளப் பெண்கள் சிவில் பிரிவில் வந்து சேர்ந்தார்கள். இந்தத் திரேசியா பின்னால் கேரளத்தில் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளராகி, இந்தியாவிலேயே அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் என்று பெயர் எடுத்தவர். அது சாலையும் பாலமும் சம்பந்தப்பட்ட கதை, இன்னொரு நாள் பார்ப்போம்.

1943-இல் லலிதா பட்டம் பெற்றார். நான் சொல்ல வந்த இடம் இதுதான்.

பட்டச் சான்றிதழ் என்பது அச்சடித்த தாள். பெயருக்கும் தேதிக்கும் இடம் விட்டிருக்கும். மீதி வாசகம் எல்லோருக்கும் ஒன்றே. அந்தத் தாளில் ‘ஹி’ என்று அச்சாகியிருந்தது. ‘அவன்’ இன்ன தேர்வில் தேறினான், ‘அவனுக்கு’ இன்ன பட்டம். பெண்ணுக்கும் இதைக் கொடுக்க நேரும் என்று அச்சுக்குக் கொடுத்தவர் நினைத்திருக்க மாட்டார். ஆகவே பல்கலைக்கழகத்தில் யாரோ ஒருவர் ‘ஹி’ என்பதைப் பேனாவால் அடித்து, ‘ஷி’ என்று எழுதிக் கொடுத்தார்கள்.

நான் 37 வருடம் குமாஸ்தா. இந்த விவரத்தைப் படித்தபோது லலிதாவை விட அந்த அடித்து எழுதிய கையைத்தான் நினைத்துக்கொண்டேன். அச்சடித்த படிவத்தில் கை வைப்பது எங்கள் உத்தியோகத்தில் லேசான காரியம் இல்லை. சுருக்கொப்பம் வேண்டும், மேலே கேட்க வேண்டும், ஆடிட்டில் கேள்வி வரும். “படிவத்தில் இடம் இல்லை” என்று திருப்பி அனுப்புவதுதான் எப்போதும் சுலபம். அந்தக் கை அப்படிச் செய்யவில்லை.

இங்கே ஒரு சின்ன விலகல். நான் படித்தது பிரெஞ்சில். பழைய வாசகர்களுக்கு இது தெரிந்ததுதான். இன்றும் பெருக்கல் வாய்பாடு எனக்கு பிரெஞ்சில்தான் ஓடும். பிரெஞ்சில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஆண்பால் பெண்பால் உண்டு. மேசை பெண்பால், பேனா வைத்திருக்கும் மேசைப் பெட்டி ஆண்பால். ‘அன்ழெனியேர்’, அதாவது பொறியாளர், எங்கள் அகராதியில் ஆண்பால் மட்டுமே. பெண் பொறியாளரைச் சொல்ல வேண்டுமானால் முன்னால் ‘ஃபாம்’ என்று ஒட்டுப்போட வேண்டும். கடைசியில் ஒரு எழுத்தைச் சேர்த்து அந்தச் சொல்லையே பெண்பாலாக்கலாம் என்று சிலர் சொன்னால், இலக்கணம் கெட்டுவிடும் என்று பெரியவர்கள் சண்டைக்கு வருவார்கள். பிரெஞ்சு அகாதெமி தொழிற்பெயர்களில் பெண்பாலை ஏற்றுக்கொண்டது 2019-இல்தான். ஆனால் பாரிசில் பொறியாளர்களை உருவாக்கும் பேர்பெற்ற எக்கோல் பொலிதெக்னிக் பெண்களுக்குக் கதவைத் திறந்தது 1972-இல். அந்த முதல் வருடமே 7 பெண்கள் தேறினார்கள். நுழைவுத் தேர்வில் ஆண்களையும் சேர்த்து முதலிடம் வந்தவர் ஆன் ஷொப்பினே என்ற பெண். எனக்கு அப்போது இருபது சொச்சம் வயது. ஆக, அகராதி வந்து சேருவதற்கு 47 வருடம் முன்பே ஆள் வந்துவிட்டார். நம் தமிழ் ‘பொறியாளர்’ இதில் எவ்வளவோ தேவலாம். கடைசியில் நிற்கும் ‘ர்’ யாருக்கும் பொருந்தும்.

லலிதாவிடம் திரும்புவோம். படிப்பு முடிந்ததும் பீகாரில் ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் ஒரு வருடம் பயிற்சி. 1862-லிருந்து இன்ஜின் கழற்றிப் பூட்டிய இடம் அது. பிறகு சிம்லாவில் மத்திய தர நிர்ணய நிறுவனத்தில் சுமார் இரண்டு வருடம். இடையில் லண்டன் மின்பொறியாளர் கழகத்தின் தேர்வையும் எழுதித் தேறினார். கொஞ்ச காலம் சென்னைக்கு வந்து அப்பாவின் ஆராய்ச்சிகளில் உதவினார். புகையில்லா அடுப்பு, மின்சாரத்தில் இயங்கும் ஒரு இசைக்கருவி என்று அந்த மனிதர் எதையாவது செய்துகொண்டே இருப்பவர். ஆனால் அதில் நிலையான வருமானம் இல்லை. குழந்தை வளர்கிறது. 1948-இல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலெக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியில் சேர்ந்தார்.

கல்கத்தா ஏன்? அங்கே அவருடைய இரண்டாவது அண்ணன் குடும்பம் இருந்தது. லலிதா ஆபீசுக்குப் போனால் குழந்தையை அண்ணி பார்த்துக்கொள்வார். இந்த அண்ணியின் பெயரை எந்தக் கட்டுரையும் பெரிதாக எழுதுவதில்லை. ஆனால் அவர் இல்லாவிட்டால் இந்தியாவின் முதல் பெண் மின்பொறியாளர் ஏதோ ஒரு ஊரில் மகளுக்குத் தலைவாரிவிட்டுக்கொண்டு வீட்டில் இருந்திருப்பார். வேலை எங்கே கிடைக்கும் என்பதோடு, குழந்தையைப் பார்க்க ஆள் எங்கே இருக்கிறார் என்பதும் சேர்ந்துதான் அவர் ஊரைத் தீர்மானித்தது. இன்றைக்கு என் மருமகள் வேலை மாற்றும்போதும் இதே கணக்கைத்தான் போடுகிறாள்.

கல்கத்தாவில் அவர் செய்த வேலையைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல ஆசை. அணையில் தண்ணீர் விழுந்து மின்சாரம் பிறக்கிறது. அதை அப்படியே ஊருக்கு அனுப்ப முடியாது. டிரான்ஸ்பார்மர் வைத்து அழுத்தத்தை ஏற்றி, கோபுரம் கோபுரமாகக் கம்பி இழுத்து, ஊருக்கு வெளியே துணை மின்நிலையத்தில் இறக்க வேண்டும். எந்தக் கம்பி எவ்வளவு பாரம் தாங்கும், துணை மின்நிலையத்தில் எது எங்கே நிற்க வேண்டும், இடையில் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று முன்கூட்டியே தாளில் போட்டாக வேண்டும். அதைவிட முக்கியம் பாதுகாப்புக் கருவி. நூறு மைலுக்கு அப்பால் ஒரு மரக்கிளை கம்பியில் விழுந்தால், ரிலே என்ற சின்னப் பெட்டி அதைக் கண் இமைக்கும் நேரத்தில் உணர்ந்து பிரேக்கரைத் தட்டிவிட வேண்டும். தட்டாவிட்டால் கோடிக்கணக்கான ரூபாய் டிரான்ஸ்பார்மர் எரியும். எதற்கெடுத்தாலும் தட்டினால் மாகாணமே இருட்டாகும். இந்த இரண்டுக்கும் நடுவே கோடு போடுவது லலிதாவின் வேலைகளில் ஒன்று. நேரு 1963-இல் நாட்டுக்கு அர்ப்பணித்த பக்ரா நங்கல் திட்டத்தின் மின் வேலைகளும் அவர் மேசைக்கு வந்திருக்கின்றன.

மேசைக்கு வந்தன, அவர் அணைக்குப் போகவில்லை. இளம் விதவை ஒருத்தி தனியாக ரயிலேறி, வேலை நடக்கும் இடத்தில் ஆண்களோடு தங்கி மேற்பார்வை பார்ப்பது அந்தக் காலத்தில் நடக்கிற காரியமில்லை என்று வெளிவேலையைத் தவிர்த்து, வடிவமைப்பிலேயே இருந்துவிட்டார். ஏறக்குறைய முப்பது வருடம். தான் கோடு போட்ட கோபுரங்களில் எத்தனையைக் கண்ணால் பார்த்தாரோ.

லண்டன் கழகம் 1953-இல் அவரை இணை உறுப்பினராகவும் 1966-இல் முழு உறுப்பினராகவும் எடுத்துக்கொண்டது. அதே கழகம் 1899-இல் ஹெர்தா அயர்ட்டன் என்ற ஆங்கிலேயப் பெண்மணியை உறுப்பினராக்கியிருந்தது. தெருவிளக்குகளில் எரியும் மின்வில் ஏன் சீறுகிறது என்று கண்டுபிடித்தவர் அவர். அவரையே 1902-இல் ராயல் சொசைட்டிக்கு முன்மொழிந்தபோது, கல்யாணமான பெண்ணுக்குச் சட்டப்படி தனி அந்தஸ்து இல்லை, ஆகவே சேர்க்க முடியாது என்று வக்கீல்கள் கருத்துச் சொல்லி ஒதுக்கிவிட்டார்கள். அங்கே முதல் பெண்கள் நுழைந்தது 1945-இல். வெள்ளைக்காரன் ஊரிலும் ஃபைல் இப்படித்தான் நகர்ந்திருக்கிறது.

1964-இல் நியூயார்க்கில் பெண் பொறியாளர், விஞ்ஞானிகளின் முதல் அனைத்துலக மாநாடு. லலிதா போனார். இந்தியாவில் அப்படி ஒரு சங்கமே இல்லாததால், யாருடைய பிரதிநிதியாகவும் இல்லாமல் தனி ஆளாகப் போனார். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் என்றால் கணவரின் சிதையில் என்னையும் வைத்து எரித்திருப்பார்கள் என்று அங்கே சொன்னதாகப் படித்திருக்கிறேன். 1967-இல் கேம்பிரிட்ஜில் நடந்த அடுத்த மாநாட்டுக்கு இந்தியாவிலிருந்து பெண்களைத் திரட்டும் பொறுப்பையும் எடுத்துக்கொண்டார். 1977-இல் ஓய்வு. ஓய்வெடுத்தது இரண்டே வருடம். 1979 அக்டோபர் 12 அன்று, 60 வயதில் காலமானார்.

இனி என் கதை.

1980-களின் நடுப்பகுதி. அலுவலகத்தின் பெயர் வேண்டாம். மின்சாரம் சம்பந்தப்பட்டது என்பது போதும். நான் எஸ்டாப்ளிஷ்மெண்ட் பிரிவில் இருந்தேன். பாலிடெக்னிக்கில் மின்பொறியியல் டிப்ளமா முடித்த ஒரு பெண் அங்கே வரைபடப் பிரிவில் வேலை பார்த்தார். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். டப்பாவில் தயிர்சாதம் கொண்டுவந்து தனியாகச் சாப்பிடுவார். துணை மின்நிலையத்தில் ஷிப்ட் ஆபரேட்டர் பணியிடம் ஒன்று காலியானபோது அதைத் தனக்குத் தரும்படி மனுக் கொடுத்தார். அங்கே சில வருடம் இருந்தால்தான் அடுத்த படி ஏற முடியும் என்பது விதி. வரைபடப் பிரிவில் இருந்துகொண்டே மேலே போக வழியில்லை.

ஷிப்ட் என்றால் மூன்றில் ஒரு வாரம் இரவு. மனு என் மேசைக்கு வந்தது. 1948-ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டப் புத்தகத்தை எடுத்தேன். 66-ஆம் பிரிவு: பெண்களுக்கு வேலை காலை 6 மணி முதல் மாலை 7 மணி வரை மட்டும். மாநில அரசு இந்த நேரத்தைக் கொஞ்சம் முன்பின் ஆக்கலாம், ஆனால் இரவு 10 முதல் காலை 5 வரை எந்த அரசும் தொட முடியாது. மேற்பார்வைப் பதவியில் இருப்பவருக்கு விலக்குத் தரும் 64-ஆம் பிரிவையும் பார்த்தேன். அதில் இந்த இரவுத் தடையை மட்டும் தவிர்த்து மற்றதற்குத்தான் விலக்கு என்று கச்சிதமாக எழுதியிருந்தார்கள். சட்டம் அழகாக மூடிக்கொண்டது. எனக்கு உள்ளூரத் திருப்தி; புத்திசாலி குமாஸ்தா ஆயிற்றே. “மேற்படி பிரிவின்படி மனுவை ஏற்க இயலாது” என்று நோட் போட்டேன். சூப்பரிண்டெண்டெண்ட் ஒப்பமிட்டார், மேலதிகாரி ஒப்பமிட்டார். நான்கு நாளில் ஃபைல் முடிந்தது. எங்கள் ஆபீசில் நான்கு நாளில் எந்த ஃபைலும் முடிந்ததில்லை.

உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் என் மேசைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. “சார், இது தொழிற்சாலைச் சட்டம்னு போட்டிருக்கு. அந்த எடம் ஃபேக்டரியா சார்?” என்று கேட்டார்.

நான் பார்க்கவில்லை. அந்தத் துணை மின்நிலையம் சட்டப்படி தொழிற்சாலைக் கணக்கில் வருமா, வராதா, அங்கே எத்தனை பேர் வேலை, பதிவு இருக்கிறதா என்று எதையும் நான் பார்க்கவில்லை. 66-ஐக் கண்டதும் புத்தகத்தை மூடிவிட்டேன். நோட் எழுதும்போது முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அவர் கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ஆர்டர் போட்டாச்சேம்மா.” பிறகு, உங்க நல்லதுக்குத்தான், ராத்திரியில அங்க எல்லாம் எப்படி இருப்பீங்க என்று உபதேசமும் செய்தேன்.

அந்த இடத்துக்கு அவருக்கு ஜூனியரான பையன் போனான். சில வருடத்தில் மேலே ஏறி, அவருக்கே அதிகாரியாகத் திரும்பி வந்தான். நான் வேறு பிரிவுக்கு மாற்றலாகிப் போனபோதும் அவர் அதே வரைபடப் பிரிவில், அதே நாற்காலியில் இருந்தார். என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்வார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

இரவு வேலைத் தடை எங்கிருந்து வந்தது என்று ஓய்வு பெற்ற பிறகு தேடிப் படித்தேன். தறியிலும் ஆலையிலும் பெண்களை ராத்திரி முழுக்கப் பிழிந்து வேலை வாங்கிய காலத்தில், அவர்களைக் காப்பாற்றத்தான் 1919-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு இந்த ஒப்பந்தத்தைச் செய்தது. நல்ல எண்ணம்தான், மறுக்கவில்லை. ஆனால் பத்துப் பதினைந்து வருடத்துக்குள்ளேயே பெண்கள் பொறியாளர்களாகி, மின்நிலையங்களில் மேற்பார்வை பார்க்கும் அளவுக்கு வந்துவிட்டார்கள். அவர்களுக்கும் தடை பொருந்துமா என்ற கேள்வி தி ஹேக் நகரிலிருந்த உலக நீதிமன்றம் வரை போனது. 1932 நவம்பர் 15 அன்று தீர்ப்பு: ஒப்பந்தத்தில் ‘பெண்கள்’ என்றுதான் இருக்கிறது, ஆகவே எல்லாப் பெண்களுக்கும் பொருந்தும். ஆறு நீதிபதிகள் அந்தப் பக்கம், ஐந்து பேர் இந்தப் பக்கம். ஒரே ஒரு ஓட்டு! விளைவு சரியில்லை என்று கண்டு, 1934-இல் ஒப்பந்தத்தையே திருத்தி, பொறுப்பான பதவியில் இருக்கும் பெண்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். உலகம் அன்றைக்கே திறந்துவிட்ட சன்னலை நம் 64-ஆம் பிரிவு மறுபடி சாத்தி வைத்திருந்தது. அதைத்தான் நான் கச்சிதம் என்று ரசித்தேன்.

நமக்குப் பக்கத்தில் நெய்வேலி இருக்கிறதே, அங்கே இதேபோல 1952-ஆம் வருடத்துச் சுரங்கச் சட்டம். 46-ஆம் பிரிவு. பூமிக்கு அடியில் பெண்ணை வேலைக்கு வைக்கவே கூடாது. மேலே, திறந்தவெளிச் சுரங்கமானாலும், காலை 6 முதல் மாலை 7 வரைதான். ஆகவே சுரங்கப் பொறியியல் படித்த பெண் இருந்தாலும் ராத்திரியில் அந்தப் பிரம்மாண்ட பக்கெட் வீல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்க முடியாது. 2019-இல்தான் இதைத் தளர்த்தினார்கள்: எழுதிக்கொடுத்த சம்மதம் வேண்டும், மூன்று பேருக்குக் குறையாமல் சேர்ந்து இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு. தொழிற்சாலைச் சட்டத்தின் 66-ஆம் பிரிவிலிருந்த இரவுத் தடையை நம் சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் செல்லாது என்று தள்ளியது. வழக்குப் போட்டவர்களில் வேலை பார்க்கும் பெண்களும் உண்டு. என் மேசைக்கு வந்து கேட்ட பெண்ணின் பணிக்காலத்தில் பாதி அதற்குள் முடிந்திருக்கும்.

இப்போது நிலைமை எவ்வளவோ மேல். எச்.பி.சி.எல். எண்ணெய் நிறுவனத்துக்கு 2014-இல் நிஷி வாசுதேவா தலைவரானார். ஓ.என்.ஜி.சி.யின் தலைமைப் பொறுப்பு 2022-இல் முதல் தடவையாக ஒரு பெண்ணிடம், அல்கா மித்தலிடம் வந்தது. ஆனால் மேலே ஒருவர் உட்கார்ந்திருப்பதும் கீழே வரிசை நீளுவதும் வேறு வேறு. 2019-இல் ஐரீனா என்ற பன்னாட்டுப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி முகமை ஒரு கணக்கு வெளியிட்டது: காற்றாலை, சூரிய மின்சாரம் போன்ற புதுத் தொழில்களில் வேலை செய்பவர்களில் பெண்கள் 100-க்கு 32, எண்ணெய், எரிவாயுவில் 22. அந்த 32-லும் ஆபீஸ் நாற்காலிகளில் இருப்பவர்கள்தான் அதிகம்.

பேத்திக்கு இதையெல்லாம் சொல்லி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. லலிதா கதையை வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். என் ஃபைல் கதையையும் சொல்லிவிட்டேன். பொய் சொன்னதை ஒப்புக்கொண்டு. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். “அவங்க திரும்ப அப்ளை பண்ணலையா தாத்தா?” என்றாள். பண்ணவில்லை. அல்லது பண்ணியிருந்தால் வேறு யாராவது நோட் போட்டிருப்பார்கள்.

அவளுக்கு அடுத்த மாதமே இரவு ஷிப்ட் உண்டாம், ஊருக்கு வெளியே ஒரு துணை மின்நிலையத்தில். போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். பேனல் புதுசு, ரிலே எல்லாம் கம்ப்யூட்டர், ஆட்களும் மரியாதையானவர்கள். ஒன்றே ஒன்றுதான்.

“பாத்ரூம் இருக்கு தாத்தா, ஆனா ஒண்ணுதான். தாழ்ப்பாளும் இல்ல. இதுக்கு எதாவது செக்‌ஷன் இருக்கா?”

எழுந்து உள்ளே போய் அந்தப் பழைய சட்டப் புத்தகத்தை எடுத்து வந்தேன். 19-ஆம் பிரிவு. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக, மறைப்போடு. “பழைய சட்டம்தான், ஆனாலும் படிச்சுப் பாரு. ஆனா முதல்ல, அந்த எடம் ஃபேக்டரியான்னு பார்த்துக்கோ” என்று சொல்லிக் கொடுத்தேன்.

புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனாள். இன்னும் திருப்பித் தரவில்லை.